குழந்தைகளோடு மோட்டார்ஹோமில் மூன்று வருடம்: ஊருக்குப் போய்வந்த அனுபவமும் சேர்த்து

வீட்டைக் காலி செய்து, சாமான்களையெல்லாம் கொடுத்துவிட்டு மோட்டார்ஹோமில் குடியேறி இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. கிளம்பும்போது பெரியவளுக்கு நாலரை வயது. சின்னவனுக்கு ஒன்றரை, அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தான். அதற்கு முன் ஆறு மாதம் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் பேட்டரி, சோலார், டாய்லெட் பற்றித்தான். அதுவும் தேவைதான், எழுதுகிறேன். ஆனால் இந்த மூன்று வருடத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்ததும் அதிகம் நிறைவாக்கியதும் ஊருக்குப் போய் அப்பா அம்மாவோடு இருந்த வாரங்கள்தான். அதற்கு நாங்கள் எந்தத் தயாரிப்பும் செய்திருக்கவில்லை. சின்னக் குழந்தைகளோடு இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் நேரமில்லையென்றால் பின்பாதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

முதலில் வண்டி. 7 மீட்டர் நீளம், வாங்கும்போதே ஒன்பது வருடப் பழசு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு இரட்டைக் கட்டில், பின்னால் குறுக்காக அடுக்குக் கட்டில், நடுவில் மேசையும் எதிரெதிர் இருக்கைகளும். நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர், கழிவுநீர் டேங்க் 90 லிட்டர். கூரையில் 300 வாட் சோலார். "ஆறு பேர் தூங்கலாம்" என்று சொல்லி விற்றார்கள், உண்மைதான். ஆனால் சீட் பெல்ட் நான்கே நான்கு. ஆறு பேர் தூங்கலாம், நான்கு பேர்தான் பயணம் செய்யலாம். இந்த வித்தியாசம் எங்களுக்குப் பிற்பாடு எவ்வளவு பெரிய விஷயமானது என்று கீழே வரும். மோட்டார்ஹோம் பார்க்கப் போனால் கட்டிலை எண்ணுவதற்கு முன் பெல்ட்டை எண்ணுங்கள்.

குழந்தை இருக்கை விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். வண்டியோடு வந்த இருக்கை முன்னோக்கி இருப்பது, உடலின் குறுக்கே வரும் மூன்று முனை பெல்ட், அந்த பெல்ட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைந்திருப்பது, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் குழந்தையை உட்கார வைக்கவே கூடாது. பக்கவாட்டு சோபாவில் பெல்ட் இருந்தாலும் அது குழந்தை இருக்கைக்கான இடம் இல்லை. குழந்தை இருக்கையை வண்டியோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கள் வண்டியில் ஒரே ஒரு இருக்கையில்தான் இருந்தது. சின்னவனுக்கு ஐ-சைஸ் வகையில், அதாவது ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி செய்த இருக்கை வாங்கினோம். அந்த விதிப்படி குழந்தைக்குக் குறைந்தது 15 மாதம் ஆகும்வரை பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அவன் அந்த வயதைத் தாண்டியிருந்தாலும் முடிந்தவரை பின்னோக்கியே வைத்துக்கொள்ள நினைத்தோம். பொருத்திப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இருக்கையிலிருந்து தரைக்கு ஒரு தாங்குகால் இறங்குகிறது. அது இறங்கும் இடத்தில் எங்கள் வண்டியின் தரை வெறும் பலகை, அடியில் சாமான் வைக்கும் பெட்டி. மோதல் நேர்ந்தால் கால் பலகையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். அப்படிப்பட்ட தரையில் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. கடைசியில் தாங்குகால் இல்லாமல் பெல்ட்டால் கட்டும் வேறு மாடலுக்கு மாறினோம். முதலில் வாங்கியது வீண். இருக்கை வாங்கப் போகும்போது வண்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களைப் படுக்க வைக்கக் கூடாது. அதனால் முதல் ஒன்றரை வருடம் பெரியவள் கீழ்த்தட்டிலும், சின்னவன் என் பக்கத்திலும் தூங்கினார்கள். ஆறாவது பிறந்தநாள் ராத்திரி அவள் தன் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தடுப்பு வலை மட்டும் இன்றைக்கும் உண்டு.

பயண வேகம் பற்றி. முதல் மூன்று மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறினோம். அதைவிடப் பெரிய தவறு நாங்கள் செய்யவில்லை. பெரியவள் நகம் கடிக்க ஆரம்பித்தாள், சின்னவன் ராத்திரி நான்கு முறை எழுந்தான். இப்போது எங்கள் கணக்கு: ஒரு நாளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, ஒரு இடத்தில் குறைந்தது பத்து நாள். பத்து நாள் தங்கினால்தான் குழந்தைகளுக்கு எந்த மரத்தில் ஏறலாம், எந்த நாய் கடிக்காது என்று தெரிகிறது. பக்கத்து வண்டியில் ஒரு சிநேகிதமும் கிடைக்கிறது.

தண்ணீரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நான்கு பேருக்கு 100 லிட்டர் இரண்டு நாள். கவனமாக இருந்தால் மூன்று. குழாயை வேகமாகத் திறக்கும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு மாற்றத்தான் அதிக நாள் ஆனது. கடைசியில் நாங்கள் ஒரு ஐந்து லிட்டர் கேனில் குழாய் வைத்து மேசையில் வைத்தோம். கை கழுவ, பல் துலக்க எல்லாம் அதிலிருந்துதான். கேன் காலியானால் நிரப்புவது பெரியவளின் வேலை. கண்ணுக்கு எதிரே மட்டம் இறங்குவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் தாமாகவே சிக்கனமானார்கள். மடக்கு டப்பாவில் 12 லிட்டர் வெந்நீர் விட்டால் இருவரும் குளித்துவிடலாம், அந்தத் தண்ணீரிலேயே தரையும் துடைத்துவிடலாம். டேங்கில் பல நாள் நின்ற தண்ணீரை ஒருபோதும் நம்பாதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில்தான் லெஜியோனெல்லா கிருமி பெருகும். வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா நின்றால் முழுதும் வடித்து, கிருமிநாசினி விட்டு அலசிவிட்டுத்தான் திரும்ப நிரப்புகிறோம். குடிநீர்க் குழாயும் கழிவறைப் பெட்டி அலசும் குழாயும் வேறுவேறு நிறம், வேறுவேறு பெட்டியில்.

கழிவறை கேசட் வகை, அதாவது கழிவு சேரும் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். ஏறத்தாழ 18 லிட்டர். நான்கு பேருக்கு இரண்டு நாள்தான். இரண்டாவது கேசட் ஒன்று வாங்கி வைத்தது நாங்கள் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

எடையை ஆரம்பத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்க் நிறைந்தால் 100 கிலோ ஏறிவிடும். அப்புறம் சைக்கிள்கள், புத்தகங்கள், துணி. நான்காவது மாதம் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் அனுமதித்த எடையைவிட 140 கிலோ கூடுதல், அதிலும் பின் அச்சில்தான் பெரும்பங்கு. பிரேக் பிடிக்கும் தூரமும் டயரின் சூடும் எடையோடு சேர்ந்து ஏறும். அன்றைக்கே பாதி சாமானை இறக்கினோம். டயரையும் அப்போதுதான் பார்த்தோம். பக்கச்சுவரில் இருக்கும் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. கோடு தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிடும். நான்கையும் மாற்றினோம்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. பழைய லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டாவது வருடம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினோம், எடையும் பாதியாகக் குறைந்தது. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேஸில் குளிர்காலத்துக்குப் புரொப்பேன்தான். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிருக்குப் பயந்து அவற்றைத் துணியால் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் குழந்தைகள் தூங்கும் பக்கத்தில் ஒன்று, எங்கள் பக்கத்தில் ஒன்று.

ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. எங்களுடையது கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகை. உள்ளே மோட்டார் கிடையாது, அசையும் பாகமே கிடையாது. ஒரு சின்ன நெருப்பு உள்ளே குளிரை உண்டாக்குகிறது. 1922இல் ஸ்டாக்ஹோமில் பல்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. பெரியவளுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து, புது இடத்தில் வண்டியை நிறுத்தியதும் நீர்மட்டக் குழலை மேசையில் வைத்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. வண்டி ரொம்பச் சாய்ந்திருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் வேலை செய்யாது. குமிழி நடுவில் வந்ததும் கையைத் தூக்குவாள், அப்புறம்தான் என் கணவர் இன்ஜினை அணைப்பார்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போன ஒரு ராத்திரியையும் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு இரண்டு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை இழுக்கும்போது விசில் சத்தம். அவசர எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரையில் ஏதோ ஒரு இடம், மாலையில்தான் வந்தோம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வரும் முகவரி எங்களுக்கு இல்லை. என் கணவர் போனில் வரைபடத்தைத் திறந்து எண்களைப் படிக்கப் படிக்க நான் சொன்னேன். இருபது நிமிடத்தில் வந்தார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். மறுநாளே கதவின் உட்புறம் ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டினோம். இடத்தின் பெயர், வரைபட எண்கள், பக்கத்து மருத்துவமனை, அந்த நாட்டின் அவசர எண். வண்டியை நிறுத்தியதும் அதை எழுதிய பிறகுதான் நாற்காலியை வெளியே எடுப்போம். மூன்று வருடத்தில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளிலேயே இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

படிப்பு விஷயத்தில் சட்டத்தை முதலில் பாருங்கள், ஆசையை அப்புறம் பாருங்கள். வீட்டுக் கல்வி சில நாடுகளில் சுலபம், சிலவற்றில் பதிவு வேண்டும், ஜெர்மனி போன்ற இடங்களில் அங்கே குடியிருப்பவர்களுக்குப் பள்ளிக்குப் போவது கட்டாயம். பெரியவளுக்குத் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் நான் உட்காருகிறேன். வாசிப்பில் நன்றாக வந்துவிட்டாள். நிலையான தோழிகள் இல்லாத குறை இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

சரி, ஊர்.

முதல் முறை ஆறு மாதம் கழித்துப் போனோம். அம்மா ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். புது மெத்தை, சுவரில் குழந்தைகளின் படங்கள். சின்னவனை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். அவன் வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தினமும் போனில் பார்த்துச் சிரித்த பாட்டிதான், ஆனால் நேரில் அடையாளம் தெரியவில்லை. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயது வரை ஆறு மாதம் என்பது அவன் வாழ்க்கையில் நான்கில் ஒரு பங்கு. அம்மா கையை மெதுவாகக் கீழே போட்டுக்கொண்டு, "பரவாயில்லை, பழகிடுவான்" என்றாள். அவள் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த மூன்று வாரமும் வீட்டுக்குள்தான் தூங்கினோம். வண்டி வாசலில் நின்றது. இரண்டு பேருமே தூங்கவில்லை. அறை பெரிதாக இருக்கிறது, கதவு தூரத்தில் இருக்கிறது, கூரை உயரமாக இருக்கிறது. ஏழு மீட்டருக்குள் எல்லோருடைய மூச்சும் கேட்கத் தூங்கிப் பழகிய பிள்ளைகள். ஐந்தாம் நாள் ராத்திரி பெரியவள் ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டி "வீட்டுக்குப் போகலாம்மா" என்று அழுதாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

இரண்டாம் முறை நான் வேறு பக்கம் சாய்ந்தேன். எல்லா ராத்திரியும் வண்டிதான் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் நன்றாகத் தூங்கினார்கள், ஆனால் அம்மாவுக்கு மனம் உடைந்துவிட்டது. "என் வீட்டில் நீங்கள் படுக்க இடமில்லையா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் யாரையோ விட்டுப் பிரிந்து போவது போலவே இருக்கும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான், ஆறேழு முறை போய் வந்ததில் தேறியது. வந்த முதல் மூன்று ராத்திரி வண்டியில். பகல் தூக்கம் மட்டும் வீட்டில், பாட்டியின் பக்கத்தில். நான்காம் நாளிலிருந்து யாருக்கு எங்கே வேண்டுமோ அங்கே. பெரியவள் இப்போது நான்காம் நாளே தலையணையோடு பாட்டி அறைக்குப் போய்விடுகிறாள். சின்னவன் போன தடவைதான் முதல்முறையாக விடியும்வரை அங்கே தூங்கினான். அவசரப்படுத்தாமல் விட்டால் அவர்களே போவார்கள், இதை அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் அவளுக்கும் வருத்தமில்லை.

இன்னொன்று. தாத்தா பாட்டியை வண்டிக்குள் கூப்பிடுங்கள். நாங்கள் முதல் வருடம் முழுக்க வீட்டுக்குள் போவதைப் பற்றியே யோசித்தோம், அவர்களை உள்ளே வரச் சொல்லத் தோன்றவில்லை. வண்டியின் முதல் படி தரையிலிருந்து நல்ல உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறவே முடியாது. அதனால் அவள் எப்போதும் வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் காலையில் அப்பா அளவு டேப்போடு வந்து படியின் உயரத்தை இரண்டு முறை அளந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு மர முக்காலி. இல்லை, நான்கு கால், அகலமானது. மேலே வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் மிதியடியை வெட்டி ஒட்டியிருந்தார். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அம்மா அதில் கால் வைத்து ஏறி வந்து மேசையில் உட்கார்ந்து, "இவ்வளவு இடம் இருக்கிறதா" என்றாள். சின்னவன் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து அவளுக்குக் காட்டினான். அன்றைக்குத்தான் அவன் தானாக அவள் மடியில் ஏறினான். அவன் வீட்டுக்கு அவள் வந்திருக்கிறாள் இல்லையா.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் குடியிருப்பதில் சில நடைமுறை விஷயங்கள் உண்டு. வீட்டு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்தால் சுருள் கேபிளை முழுவதும் விரித்துவிடுங்கள். சுருட்டியபடியே அதிக மின்சாரம் போனால் சூடாகி உருகிவிடும். ஹீட்டரையும் வெந்நீர்க் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரு ராத்திரி அப்பாவின் வீடு முழுக்க இருட்டாக்கியிருக்கிறோம். மேலே தாழ்ந்த கம்பியோ கிளையோ இருக்கிறதா, நிறுத்தும் இடத்தின் அடியில் கழிவுத்தொட்டியின் மூடி இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். மூன்றரை டன்னை எல்லா மூடியும் தாங்காது. அப்புறம் கேசட்டை வீட்டுக் கழிவறையில் கொட்டுவது. கேசட்டில் ஊற்றும் நீலநிற ரசாயனத்தில் சில வகைகளில் கிருமிகளைக் கொல்லும் பொருள் இருக்கும். செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்வதே அந்தக் கிருமிகள்தான். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதை நிறுத்திவிட்டு, செப்டிக் டேங்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் வகைக்கு மாறிவிடுவோம். பக்கத்து வீட்டார் ஜன்னலை மறைக்காமல் நிறுத்துவதும், ஜெனரேட்டர் போடாமல் இருப்பதும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவை.

மாமனார் வீட்டில் கதை வேறு. குறுகிய தெரு, அடுக்குமாடி. வண்டி நுழையவே நுழையாது. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு முகாமிடத்தில் நிறுத்திவிட்டுத் தினமும் போய் வந்தோம். அத்தைக்கும் மாமாவுக்கும் அது அநியாயமாகத் தெரிந்தது. அம்மா வீட்டில் மூன்று வாரம் வாசலிலேயே, தங்களுக்கு மட்டும் பகல் வருகை. அத்தை வாய்விட்டே சொன்னார்கள். சரியான வருத்தம்தான். அதனால் இப்போது அவர்கள் இருவரும் ஒரு வாரம் முகாமிடத்துக்கே வந்துவிடுகிறார்கள், அங்கேயே பக்கத்தில் ஒரு மர அறை எடுத்துக்கொடுக்கிறோம். காலையில் மாமா குழந்தைகளை நடக்கக் கூட்டிப் போவார், நான் அத்தையோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுவேன். அடுக்குமாடி வீட்டில் விருந்தாளியாக இருந்தபோது அவ்வளவு பேசியதே இல்லை.

ஒருமுறை வண்டியை விட்டுவிட்டுப் பறந்து போகவேண்டி வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, உடனே மருத்துவமனை. நாங்கள் இரண்டு எல்லைகள் தாண்டி இருந்தோம். வண்டியை ஒரு வாடகைக் கொட்டகையில் போட்டுவிட்டு அன்றைய ராத்திரி விமானம். அவசரத்தில் ஃப்ரிட்ஜ் கதவை மூடிவிட்டோம், தண்ணீரை வடிக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்து திறந்தால் ஃப்ரிட்ஜ் முழுக்கக் கரும்பூஞ்சை, மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். இப்போது ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பதினைந்து நிமிடத்தில் செய்துவிடலாம்: தண்ணீரை வடி, ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து முட்டுக்கொடு, கேஸை சிலிண்டரிலேயே மூடு, பேட்டரி இணைப்பைத் துண்டி, மெத்தைகளை நிமிர்த்தி வை, கேசட்டைக் காலி செய்.

எல்லை தாண்டிப் பயணிப்பவர்கள் ஆளுக்கும் வண்டிக்கும் கணக்கு வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், குறுகிய காலம் தங்கும் வெளிநாட்டவருக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான். வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் தற்காலிக அனுமதி பொதுவாக ஆறு மாதம். நீங்கள் ஊருக்குப் பறந்துவிட்டால் உங்கள் நாட்கள் நின்றுவிடும், கொட்டகையில் நிற்கும் வண்டியின் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வேறு பல நாடுகளில் கார்னே என்ற சுங்க ஆவணத்தில் வண்டியின் விவரங்களே பதிந்திருக்கும், வண்டியை விட்டுவிட்டு ஆள் மட்டும் நாட்டைவிட்டுப் போவதற்கு முன் சுங்கத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா தேறிவிட்டார். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். போனில் அவர் எப்போதும் தோளுக்கு மேலே மட்டும் தெரியும்படி உட்காருவார். வலது கை நடுங்குவது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், "சொல்லாதே" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். தினமும் பேசுகிறோம், எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன் காட்டுவது அவர்கள் காட்ட நினைப்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த முடிவு, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊர், அதுவும் குறைந்தது மூன்று வாரம். ஒரு வாரம் போனால் உறவினர்கள் வந்து பார்ப்பதிலேயே முடிந்துவிடும். எல்லோரும் வந்து போன பிறகு, பேச ஒன்றுமில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டாவது வாரத்தில்தான் அப்பா கையைப் பற்றித் தானே பேசினார். எங்கள் பயணத் திட்டம் இப்போது இதை வைத்துத்தான் போடப்படுகிறது. ஊர்த் தேதிகளை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நாட்களில் எவ்வளவு தூரம் போய் வரலாம் என்று பார்க்கிறோம். பார்க்க நினைத்த சில இடங்களை விட்டுவிட்டோம். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

பெல்ட் கதைக்கு வருகிறேன். போன தடவை குழந்தைகள் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அடம்பிடித்தார்கள். நான்கு நாள், பக்கத்து மலைக்கு. ஆறு கட்டில், ஆனால் நான்கு பெல்ட். அதனால் அப்பாவின் காரை என் கணவர் ஓட்ட, அப்பா பக்கத்தில். வண்டியை நான் ஓட்ட, அம்மா என் பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். மூன்று வருடத்தில் நான் அவ்வளவு நீளமான தூரம் ஓட்டியது அதுதான் முதல்முறை. அம்மா வழியெல்லாம் கைப்பிடியை விடவில்லை, ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி மேல் கட்டிலில் ஏற அவளால் முடியாது என்பதால் மேசையை இறக்கிப் படுக்கையாக்கிக் கொடுத்தோம். அப்பா பெரியவளின் கீழே சின்னவனின் தட்டில் காலை மடக்கிப் படுத்தார். சின்னவன் அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கினான்.

காரில் போனதால் அப்பா வழியில் பாதியைப் பார்க்கவில்லை, குழந்தைகளும் தாத்தா ஏன் நம்மோடு வரவில்லை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டார்கள். ஆகவே எதிர் இருக்கையில் பெல்ட் சட்டம் வைத்து இன்னும் இரண்டு இடம் சேர்க்க முடியுமா என்று சான்றிதழ் தரும் ஒரு பட்டறையில் கேட்டோம். அடிச்சட்டத்தில் பிணைக்க இடம் இருக்கிறதாம், செய்யலாம் என்கிறார்கள். இரண்டு பேரின் எடையைச் சேர்த்தால் பின் அச்சு தாங்க வேண்டும், அதனால் சைக்கிள்களை இறக்கிவிட்டு அடுத்த வாரம் முதலில் எடைமேடைக்குப் போகிறோம்.